பத்துப் பேரைக் கூட்டிக் கொடு என்று வருகிறவர்களிடம்

(மரக்காணம் பகுதி உப்பளத் தொழிலாளர்களும் சேரி இளைஞர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுவழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



தம்பிகள் ஒரு கேள்வியைக் கையில் கொடுத்துத்தான் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். 'உப்பளத் தொழிலாளிங்களுக்குன்னு கைப்பேசியில ஒரு தளம் செய்யப்போறோம். வாரியப் பதிவு, நிவாரணம், கூலி எல்லாம் அதுலயே வந்துடும். அதுக்கு முன்னாடி உங்க சனங்கள்ல பத்துப் பேரைக் கூட்டிக் குடுங்க, ரெண்டு மணி நேரம் பேசணும்.' இப்படி யாராவது வந்து நின்றால் நாம் போகலாமா, கூடாதா? கேள்வி இவ்வளவுதான். போகலாம் என்பதுதான் என் பதில். ஆனால் எங்கே உட்கார்வது, யாரோடு உட்கார்வது, பேசி முடித்த பிறகு அந்தப் பேச்சு யாருடைய சொத்து என்பதையெல்லாம் முதலில் நாம் பேசித் தீர்த்துக்கொண்டு போக வேண்டும். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

இது ஏதோ படித்தவர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று யாரும் நினைக்க வேண்டாம். முன்பெல்லாம் அதிகாரத்தின் வாசலில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். மணியக்காரர், கணக்குப்பிள்ளை, பிறகு வி.ஏ.ஓ. என்று பெயர் மாறியதே தவிர ஆள் இருந்தான். அவனிடம் வாதாடலாம், சண்டை போடலாம், நூறு பேர் சேர்ந்து முற்றுகையிடலாம். இப்போது அந்த வாசலில் ஒரு திரையை வைத்திருக்கிறார்கள். 'சர்வர் இல்ல, நாளைக்கு வா' என்கிறது. திரையை எப்படி முற்றுகையிடுவது? அந்தத் திரைக்குள் எந்தெந்தக் கட்டம் இருக்க வேண்டும், எது இல்லாவிட்டால் உன் மனு உள்ளே போகாது என்பதை எங்கேயோ குளிர் அறையில் உட்கார்ந்து யாரோ முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த முடிவு நடக்கிற நேரத்தில் நாம் அங்கே இல்லை.

நடந்ததைப் பார்ப்போம். 2021இல் கொரோனா தடுப்பூசிக்குக் கோவின் தளம் வந்தது. அந்த ஆண்டு மே மாதம் 18 முதல் 44 வயது வரை உள்ளவர்கள் அதில் பதிந்தால்தான் ஊசி என்றார்கள். தளமோ அப்போது ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவன் என்ன செய்வான் என்று உச்ச நீதிமன்றமே அரசைக் கேள்வி கேட்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் மற்ற மொழிகள் வந்தன. நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி 1 முதல் வருகைப் பதிவு கைப்பேசிச் செயலி வழியாகத்தான், நாளுக்கு இரண்டு தடவை நேரத்தோடு படம் எடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். விடியற்காலையில் போய் வேலையை முடித்த பெண் இரண்டாவது படத்துக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். சிக்னல் இல்லாவிட்டால் செய்த வேலைக்குக் கூலி இல்லை. டெல்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். அந்தச் செயலியைச் செய்வதற்கு முன்னால் வேலை செய்கிற நாலு பெண்களை உட்காரவைத்து 'நீ எத்தனை மணிக்கு வேலைக்குப் போற, எப்ப முடிக்கிற?' என்று கேட்டிருந்தாலே இந்தக் கோளாறு முதல் நாளே தெரிந்திருக்கும்.

இன்னொன்று இ-ஷ்ரம். 2020 ஊரடங்கில் புலம்பெயர் தொழிலாளிகள் நடந்தே ஊர் போனதைப் பார்த்தோம். முறைசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்யும் வேலையை முடிக்கும்படி உச்ச நீதிமன்றம் அழுத்தம் கொடுத்தது. 2021 ஆகஸ்ட் 26 அன்று ஒன்றிய அரசு இந்தத் தளத்தைத் தொடங்கியது. 30 கோடிப் பேருக்கு மேல் பதிந்திருக்கிறார்கள். சின்ன விஷயமில்லை. ஆனால் அதற்குள் நுழைய மூன்று சாவி வேண்டும்: ஆதார், ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண், வங்கிக் கணக்கு. நம் வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி. அதை எடுத்துக்கொண்டு பையன் சென்னைக்குப் போயிருப்பான். ஓடிபி அவனுக்குப் போகும். எண் இல்லாவிட்டால் சேவை மையத்துக்குப் போய்க் கைரேகை வை என்பார்கள். உப்பையும் உப்புத் தண்ணியையும் ஆண்டுக்கணக்கில் அளைந்த கையில் ரேகை எங்கே இருக்கிறது? 'வெரலத் தொடச்சிட்டு வை ஆயா, அழுத்தி வை ஆயா' என்று அந்தப் பையனும் பாவம் எத்தனை தடவை சொல்வான்? அதோடு வயது 16 முதல் 59 வரைதான். அறுபது வயதைத் தாண்டியும் தலையில் உப்புக்கூடை சுமக்கிற ஆயா அந்தத் திரையின் கணக்கில் தொழிலாளியே கிடையாது.

ஆக, கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதை நம் உடம்பில் அனுபவித்துவிட்டோம். அதனால்தான் 'வந்து கேட்கிறோம்' என்று ஒருவர் சொல்லும்போது விரட்ட வேண்டாம் என்கிறேன். ஆனால் இந்தக் 'கேட்பது' என்கிற வித்தை எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது என்பதும் நமக்குத் தெரிய வேண்டும்.

இதை ஃபோகஸ் குரூப் என்கிறார்கள். தமிழில் குவிமையக் குழு என்று சொல்லலாம். ஆறு முதல் பத்துப் பேர் வரை வட்டமாக உட்காரவைத்து, ஒரு பொருளைப் பற்றி ஒன்றரை, இரண்டு மணி நேரம் பேசவிடுவது. நெறிப்படுத்த ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் படிவம் நிரப்புவதில் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கும். ஒரு அக்கா சொல்வதைக் கேட்டு இன்னொரு அக்கா 'அது அப்பிடி இல்லடி' என்று மறுப்பாள். அந்த மறுப்பில்தான் உண்மை வெளியே வரும்.

1941இல் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த வானொலி ஆய்வு அலுவலகத்தில் பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்பவர் ஒரு சோதனை நடத்திக்கொண்டிருந்தார். சனங்களை உட்காரவைத்து வானொலி நிகழ்ச்சியைப் போடுவார்கள். பிடித்தால் பச்சைப் பொத்தான், பிடிக்காவிட்டால் சிவப்புப் பொத்தான். பிறகு ஏன் பிடித்தது, ஏன் பிடிக்கவில்லை என்று ஒருவர் கேட்பார். அதைப் பார்க்க வந்த சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன், கேட்கிறவர் தனக்கு வேண்டிய பதிலைத் தன் கேள்வியாலேயே வரவழைக்கிறார் என்று குறை சொன்னார். அப்படியானால் நீங்களே நடத்துங்கள் என்று அவரிடமே விட்டார்கள். அவரும் மற்றவர்களும் சேர்ந்து இதை ஒரு முறையாக்கி, 1946இல் கட்டுரையாகவும் 1956இல் நூலாகவும் எழுதினார்கள். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களுக்குப் போட்டுக் காட்டிய படங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கவும் இது பயன்பட்டது. போர் முடிந்ததும் சோப்பு விற்கிறவனும் சிகரெட் விற்கிறவனும் இதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பல ஆண்டுகள் கழித்து 1987இல் மெர்ட்டன் திரும்பிப் பார்த்து எழுதினார். இந்தக் குழுப்பேச்சில் கிடைப்பது புதிய கேள்விகள், புதிய யோசனைகள். அவற்றைப் பிறகு பெரிய அளவில் சரிபார்க்க வேண்டும், பத்துப் பேர் பேச்சையே முடிவான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் வைத்த குறை. இதைக் கவனத்தில் வையுங்கள். பத்துப் பேர் உட்கார்ந்து டீ குடித்து முடித்ததும் 'மரக்காணம் உப்பளத் தொழிலாளர்களின் கருத்துப்படி' என்று அறிக்கை எழுதுகிறவனிடம், இந்த முறையைக் கண்டுபிடித்தவரே அதை ஒப்பவில்லை ஐயா என்று சொல்லலாம்.

அடுத்து வட்டம். மேல்நாட்டுப் புத்தகத்தில் ஒரு விதி இருக்கிறது: ஒரே மாதிரியானவர்களை ஒரு குழுவில் உட்காரவை, அப்போதுதான் கூச்சமில்லாமல் பேசுவார்கள். நல்ல விதிதான். ஆனால் ஒரே மாதிரி என்பதை யார் முடிவு செய்வது? வருகிறவன் கையில் இருக்கும் தாளில் 'உப்பளத் தொழிலாளர்' என்று ஒரே வரி இருக்கும். குத்தகை எடுத்து நடத்துகிறவர், ஆள் பிடித்து விடுகிற மேஸ்திரி, பாத்தியில் உப்பு வாருகிறவர், கூடை சுமக்கிற பெண், மூட்டை பிடித்து லாரியில் ஏற்றுகிறவர், எல்லாரும் அந்த ஒரே வரிக்குள் வந்துவிடுவார்கள். மேஸ்திரி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது கூலி குறைத்துக் கொடுத்ததைப் பற்றி எந்த அக்கா பேசுவாள்? நாளைக்கு அவளுக்கு வேலை வேண்டாமா?

வேலையில் இருக்கும் மேடு பள்ளத்துக்கு மேலே ஊர், சேரி என்கிற பெரும்பிளவு கிடக்கிறது. மரக்காணத்தில் இதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரம் சித்திரை முழுநிலவு விழாவுக்குக் கூட்டம் போன நாளில், கட்டையன் தெருவில் தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. அதற்குப் பிறகும் பாத்தியில் ஊர்க்காரரும் சேரிக்காரரும் பக்கம் பக்கமாக வேலை செய்கிறோம். பிழைப்பு அப்படி. ஆனால் சமுதாயக்கூடத்தில் எல்லாரையும் ஒரே வட்டத்தில் உட்காரவைத்து 'உங்கள் பிரச்சினைகளை மனம் திறந்து சொல்லுங்கள்' என்றால் யார் மனம் திறப்பார்? ஊர் ஆம்பளை நாலு பேர் பேசுவார்கள். சேரி ஆம்பளை ஒருவர் தலையாட்டுவார். சேரிப் பெண் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்ப்பாள். அந்த மௌனத்தை 'மாற்றுக் கருத்து இல்லை' என்று குறித்துக்கொள்வார்கள். இந்த ஆய்வு மொழியில் மௌனத்துக்கு வேறு அர்த்தமே கிடையாது.

எனவே தனித்தனி வட்டம் வேண்டும் என்று கேளுங்கள். உப்பு சுமக்கிற சேரிப் பெண்கள் ஒரு வட்டம். மூட்டை பிடிக்கிற ஆண்கள் ஒரு வட்டம். வயதானவர்கள் ஒரு வட்டம். கைப்பேசி புழங்கத் தெரிந்த பிள்ளைகள் ஒரு வட்டம். இருளர் மக்களை மறந்துவிடாதீர்கள். சாதிச் சான்றிதழுக்கே ஆண்டுக்கணக்கில் அலைகிற சனம் அது. நம்மையே கேட்காதவன் அவர்களைக் கேட்பான் என்று எதிர்பார்க்க முடியாது, நாம்தான் அவர்களுக்கும் ஒரு வட்டம் கேட்க வேண்டும். ஊர்த் தொழிலாளிகளுக்கும் தனி வட்டம் இருக்கட்டும், அவர்களும் கூலிக்காரர்கள்தான். தனியே பேசினால் ஒற்றுமை போய்விடும் என்று சில தோழர்கள் சொல்லலாம். தனியே பேசித் தெளிந்த பிறகு சேர்ந்து பேசுவதுதான் ஒற்றுமை. ஒரு தரப்பு வாயை மூடிக்கொண்டிருப்பதால் வருகிற அமைதிக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

என்ன கேட்க வேண்டும் என்பதும் முக்கியம். 'உங்களுக்கு ஆப் வேணுமா?' என்று கேட்டால் எல்லாரும் வேணும் என்பார்கள். வீடு தேடி வந்தவர் மனசு நோகக் கூடாது என்பது நம் சனத்தின் குணம். 'எப்படி இருந்தா நல்லா இருக்கும்?' என்று கேட்டாலும் பயனில்லை. பார்க்காத பொருளைப் பற்றி என்ன சொல்வது? நடந்ததைக் கேட்க வேண்டும். மழைக்காலத்தில் உப்பளம் படுத்துவிடுகிறது, அதற்காகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழக அரசு 2022இல் தொடங்கியது. அதைப் பற்றிக் கேட்கட்டும். உன் கைக்கு வந்துதா? எந்தத் தேதியில? யாரு எழுதிக் குடுத்தாங்க? எழுதினவங்களுக்கு எவ்வளவு குடுத்த? எத்தனை நாள் அலைஞ்ச, அதுல எத்தனை நாள் கூலி போச்சு? வரலன்னா இன்னா காரணம் சொன்னாங்க? இந்தக் கேள்விகளுக்கு வருகிற பதிலில் அந்தத் தளத்துக்கு வேண்டியது முழுவதும் இருக்கிறது.

பேச்சு முடிந்ததும் செய்து வைத்திருப்பதைக் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். வாயால் சொல்வது ஒன்றாகவும் கையால் செய்வது வேறாகவும் இருக்கும். ஒரு அக்காவிடம் கைப்பேசியைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லித்தராமல் பார்க்கட்டும். எந்த இடத்தில் விரல் நிற்கிறது, எந்தச் சொல்லைக் கண்டு விழிக்கிறாள் என்று குறிக்கட்டும். அவள் விழித்தால் தப்பு அவளுடையதல்ல, சொல்லை எழுதினவனுடையது.

இந்தச் சொல் விவகாரத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். படிவத்தில் 'பணியளிப்பவர் பெயர்' என்று ஒரு கட்டம் வரும். நம் அக்கா யார் பெயரை எழுதுவாள்? உப்பளம் அரசு நிலமாக இருக்கும், குத்தகை ஒருவர் பெயரில் இருக்கும், நடத்துவது இன்னொருவராக இருக்கும், கூலியைக் கையில் கொடுப்பது மேஸ்திரியாக இருப்பார். கட்டம் ஒன்றுதான். அதில் மேஸ்திரி பெயரை எழுதினால் குத்தகைக்காரர் தப்பித்துவிடுவார். நாளைக்கு உப்பு லாரி ஏறி ஒருத்தி செத்துப்போனால் நஷ்டஈடு கேட்க யார் வாசலுக்குப் போவது? கட்டத்தை வரைகிறவனுக்கு இது வெறும் கட்டம். நமக்கு வழக்கு.

'முகவரி' என்று இன்னொரு கட்டம். அதில் தெருப் பெயரை எழுதின உடனே நம் சாதி தெரிந்துவிடுகிறது. காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் நீக்குவதாகத் தமிழக முதலமைச்சர் 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் புதிய தளத்தைச் செய்கிறவன் பழைய பட்டியலை எடுத்து அப்படியே உள்ளே கொட்டினால் போன சொல் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும். வேலை தேடித் தருகிற தளமாக இருந்தால், ஆள் எடுக்கிறவன் கண்ணுக்கு முகவரி தெரிய வேண்டுமா, வட்டத்தின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாதா? இந்தக் கேள்வி ஊர்க்காரர் வட்டத்தில் எழாது. அவர்களுக்கு முகவரி என்பது தபால் வருகிற இடம். நமக்கு அது நெற்றியில் எழுதின எழுத்து. நம் வட்டத்தில் மட்டும்தான் இந்தக் கேள்வி எழும். தனி வட்டம் ஏன் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

வெளியிலிருந்து வந்து கேட்டவர்கள் எல்லாரும் ஏமாற்றினார்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய்த் தொழிலாளிகளைச் சந்தித்துக் கேட்டுத்தான் 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதினார். நமக்குப் பக்கத்திலேயே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் வருகிற புதுச்சேரியில், 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடா நாட்டு உதவியோடு கிராமங்களில் கணினித் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் தலைமை மையம். கணினியைக் கொண்டுபோய் வைப்பதற்கு முன்னால் ஊர்களில் உட்கார்ந்து, எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். இணையம் என்ற சொல்லே கிராமத்தில் புழங்காத காலம் அது.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். அங்கே தேவைப்பட்டது கடலில் அலை எவ்வளவு உயரம் என்கிற செய்தி. அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அதை எடுத்தார்கள். எடுத்ததைத் திரையில் போட்டுவிட்டு 'வந்து படிச்சிக்கோ' என்று விட்டுவிடவில்லை. ஒலிபெருக்கி கட்டித் தமிழில் சொன்னார்கள். எழுத்துத் தெரியாதவருக்கும் கேட்டது. 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டுக் கடல் பொங்கி வருகிறது என்று வீட்டுக்குச் சொன்னார். அந்த ஊர்த் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சனம் ஓடி உயிர் தப்பியது. கேட்டுச் செய்ததற்கும் கேட்காமல் செய்ததற்கும் இதுதான் வித்தியாசம். படித்தவன் கற்பனையில் தளம் என்றால் திரை. கடற்கரைச் சனத்தின் தேவையில் அது ஒரு குழாய் ஒலிபெருக்கி.

அந்தத் திட்டத்திலும் நாம் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. மையத்துக்கு இடம் ஊர் கொடுக்க வேண்டும், எல்லாச் சாதியாரும் வர அனுமதிக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்துத்தான் தொடங்கினார்கள். நல்ல நிபந்தனை. ஆனால் ஊர் என்று யார் வந்து இடம் கொடுப்பார்கள்? எம்பலத்தில் மையம் கோயில் கட்டடத்தில் அமைந்தது. கோயில் என்றதுமே சேரிப் பெண் எந்த வாசல் வழியாகப் போவாள், மாதவிலக்கான நாளில் எந்தப் பெண் போவாள் என்கிற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. நிபந்தனை காகிதத்தில் இருக்கும். காலை உள்ளே வைக்கப் பழக்கம் விடுமா? இடம்தான் முதல் கேள்வி. கேட்கிற இடமும் அப்படித்தான், செய்து முடித்து வைக்கிற இடமும் அப்படித்தான்.

இன்னும் கொஞ்சம் தூரம் போய்ப் பார்ப்போம். பிரேசில் நாட்டில் உப்பு மிக அதிகமாக விளைகிற மாநிலம் ரியோ கிராண்டே டோ நோர்ட்டே. அங்கே அங்கிகோஸ் என்ற ஊரில் 1963இல் பாவ்லோ ஃபிரெய்ரே சுமார் 300 உழைப்பாளிகளுக்கு நாற்பது மணி நேரம் போல வகுப்பு நடத்தி எழுதப் படிக்கக் கற்பித்தார். அவரும் வட்டமாகத்தான் உட்காரவைத்தார். அதற்குப் பண்பாட்டு வட்டம் என்று பெயர். வகுப்புக்கு முன்னால் அவருடைய குழு அந்த மக்களோடு பழகி அவர்கள் வாயில் புழங்கும் சொற்களைச் சேகரித்தது. அவர்கள் வாழ்க்கையைத் திறந்து காட்டுகிற சொற்களைப் பொறுக்கி, அந்தச் சொற்களை வைத்தே எழுத்தைக் கற்பித்தார்கள். 'செங்கல்' என்ற சொல்லை எடுத்தால் வீடு யாருக்கு, கட்டுகிறவன் யார் என்று பேச்சு நீளும். 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் போட்டது, பிறகு அவர் நாட்டை விட்டே போக வேண்டி வந்தது. சோப்புக் கம்பெனி நடத்துகிற வட்டத்தைப் பார்த்து எந்த ராணுவமும் பயப்படாது. ஏனென்றால் அந்த வட்டத்தில் பேசுகிறவன் எழுந்து போன பிறகு அவன் பேச்சு கம்பெனிக்குப் போய்விடும். ஃபிரெய்ரேயின் வட்டத்தில் பேச்சு பேசினவனிடமே தங்கிவிடும், பேசினவன் வேறு ஆளாக எழுந்து போவான். பயம் அதில்தான்.

நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது வட்டம். முதல் வட்டத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் நம்மைப் 'பயனர்' என்கிறார்கள். அரசாங்கம் இத்தனை காலம் 'பயனாளி' என்றது. பயனாளி கையேந்துகிறவர், பயனர் பொத்தானை அழுத்துகிறவர். இரண்டிலும் பொருள் வேறொருவருடையது. அண்ணல் அம்பேத்கர் 1919இல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் சொன்னபோதே, தீண்டப்படாதாரின் நலனைப் பேசத் தீண்டப்படாதார்தான் பிரதிநிதியாக இருக்க முடியும் என்று வாதாடினார். நூறாண்டு தாண்டிவிட்டது. இன்றைக்குச் சட்டமன்றத்தைப் போலவே ஒரு தளத்தை வடிவமைக்கிற மேசையும் முடிவெடுக்கிற இடம்தான். அங்கே நமக்குச் சாட்சிக் கூண்டு மட்டும் போதாது, மேசையில் நாற்காலி வேண்டும்.

கேட்டதோடு விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் மண்ணிலேயே வரலாறு இருக்கிறது. 1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் நம் மக்களின் நிலைமையைப் பார்த்து அறிக்கை எழுதினார். 1892 செப்டம்பர் 30 அன்று பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. ஒருவர் வந்து பார்த்தார், எழுதினார், நிலம் வந்தது. ஆனால் பதிவேடு நம் கையில் இல்லை. பதிவேடு வைத்திருந்தவர்கள் வழியாகவே நிலம் கைமாறிப் போனது. அதைத் திரும்பக் கேட்டு நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். இன்றைக்குத் தளம் என்று சொல்வது அடிப்படையில் ஒரு பதிவேடுதான். யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் அடிபட்டது என்பதை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்பதை முதலிலேயே பேசாவிட்டால் இதிலும் அதே கதைதான் நடக்கும்.

ஆகவே வருகிறவர்களிடம் நாம் வைக்க வேண்டிய நிபந்தனைகளைச் சொல்லிவிடுகிறேன். தம்பிகள் எழுதிக்கொள்ளட்டும்.

ஒன்று, இடமும் நேரமும் நம்முடையது. நம் தெருவில், நாம் சொல்கிற நேரத்தில். குத்தகைக்காரர் திண்ணை வேண்டாம், கோயில் மண்டபம் வேண்டாம்.

இரண்டு, கூலி. பட்டணத்தில் கம்பெனிக்காரன் இந்த மாதிரிக் குழுவில் உட்கார்கிறவனுக்குப் பணம் கொடுத்துத்தான் பேசவைக்கிறான். நம் சனத்துக்கு மட்டும் ஏன் பிஸ்கட்டும் டீயும்? ஒரு நாள் வேலை போனால் ஒரு நாள் கூலி.

மூன்று, கேட்கிறவர் யார்? சேரிப் பெண்களின் வட்டத்தை நம் பெண்ணே நடத்தட்டும். பத்தாவது, பன்னிரண்டாவது படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடு, சம்பளம் கொடு.

நான்கு, பதிவு செய்வதற்கு முன்னால் தமிழில் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்கு. 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கிற அறிவிப்பை நமக்குத் தெரிந்த இந்திய மொழியில் பெறுகிற வழி இருக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். 'இத எழுதாத, அத நிறுத்து' என்றால் நிறுத்த வேண்டும். பெயரோ முகமோ வெளியே போகக் கூடாது. கூலியைப் பற்றிப் பேசினவள் பெயர் குத்தகைக்காரர் காதுக்குப் போனால் அவள் பிழைப்பு போச்சு.

ஐந்து, திரும்பி வா. நாங்கள் சொன்னதில் எதை எழுதினாய், எதை விட்டாய், ஏன் விட்டாய் என்று அதே வட்டத்தில் வாய்விட்டுப் படித்துக் காட்டு. தளத்தைச் செய்து முடிப்பதற்கு முன்னால் எங்கள் பழைய கைப்பேசியில், உப்பளத்தில் வருகிற சிக்னலில், ஓட்டிக் காட்டு.

ஆறு, திரைக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். கைப்பேசி இல்லாதவருக்கும் ரேகை தேய்ந்தவருக்கும் அறுபது தாண்டியவருக்கும் அதே உரிமை, அதே நாளில். மனு தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில், தமிழில், கையில் கொடுக்க வேண்டும்.

ஏழு, தளத்தை நடத்துகிற குழுவில் எங்கள் ஆட்கள். அதிலும் பாதிப் பேர் பெண்கள்.

இத்தனையும் கேட்டால் அவர்கள் போய்விடுவார்களே என்று ஒரு தம்பி முணுமுணுக்கிறார். சிலர் போவார்கள். போகட்டும். ஏழில் நாலை ஒப்புக்கொண்டு உட்காருகிறவர்களும் வருவார்கள், அவர்களோடு வேலை செய்யலாம். மீதி மூன்றுக்குத் தொடர்ந்து சண்டை போடலாம்.

ஆனால் அவர்கள் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த மழைக்காலத்தில் உப்பளம் படுத்திருக்கிற நாட்களில் நாமே வட்டங்களைப் போடுவோம். பெண்கள் ஒரு நாள், மூட்டைக்காரர்கள் ஒரு நாள், ஆயாக்கள் ஒரு நாள், இருளர் தெருவில் ஒரு நாள். நிவாரணம் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, எந்தக் கட்டத்தில் சிக்கியது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுவோம். அடுத்தடுத்த வட்டங்களில் புதிதாக எதுவும் வராமல் ஒரே சங்கதி திரும்பத் திரும்ப வந்தால், அதுதான் நம் முதல் கோரிக்கை என்று வைத்துக்கொள்வோம். அதை ஊர்த் தொழிலாளிகளிடமும் கொண்டுபோய்ப் பேசுவோம். பிறகு தளம் செய்கிறவர் வந்தாலும் சரி, தாசில்தார் வந்தாலும் சரி, பேச நம்மிடம் ஒரு நோட்டு இருக்கும். வருகிறவர்களுக்கு அதன் நகலைக் கொடுப்போம். நோட்டு நம்மிடமே இருக்கட்டும்.

ஜெய்பீம்.